வெள்ளத்தின் அடியில் நடக்கும் குருவி

பாடும் பறவைகள் என்று நாம் போற்றுவனவெல்லாம் மரத்தையும் புதரையும் நம்பி வாழ்பவை. கொண்டைக்குருவியும் வண்ணாத்திக்குருவியும் தாகம் தீர்க்கவும் இறகு நனைக்கவும் ஓடைக்கரைக்கு வருமேயன்றி ஓடையினுள் இறங்குவதில்லை. இப்பொது விதிக்கு உலகில் ஒரேயொரு சிறு குடும்பம் விலக்காக நிற்கிறது. அதில் உள்ளவை ஐந்தே இனங்கள். ஆங்கிலேயர் அதனை 'டிப்பர்' என்கின்றனர். நீரில் மூழ்குவதால் வந்த பெயர் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பாறைமேல் நின்றபடி உடலைத் தாழ்த்தித் தாழ்த்தி எழுப்பும் அதன் பழக்கமே அப்பெயருக்குக் காரணம் என்பர். வேல்ஸ் நாட்டு மக்கள் தம் மொழியில் 'நீரின் வெண்மார்பு' என்று பொருள்படும் அழகிய பெயரை அதற்கு இட்டுள்ளனர். நாமும் ஈண்டு வெண்மார்பி என்றே அழைப்போம்.

நம் தென்னாட்டில் இப்பறவை இல்லை. இமயத்தின் ஓடைகளில் உண்டு. நாங்கள் இருவரும் அதனைக் கண்டது 2022 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கார்டிஃப் நகரில் செவிலியாகப் பணிபுரியும் மகளின் இல்லத்தில் தங்கியிருந்தபோதுதான். அந்நகரின் நடுவே டாஃப் என்னும் ஆறு ஓடுகிறது. விரைந்து ஓடும் நீரின் நடுவே ஒரு கல். அதன்மேல் கைப்பிடி அளவேயான பழுப்புநிறக் குருவி. மார்பில் மட்டும் பால் வெண்மை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது தயக்கமின்றி வெள்ளத்துக்குள் நடந்து மறைந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். சில நொடிகளில் வேறோர் இடத்தில் வெளிவந்து, வாயில் எதையோ கவ்வியபடி கல்லேறியது. பின்னர் பாடிற்று! மரங்கள் இலையுதிர்த்து மற்றப் பறவைகள் வாயடைத்திருந்த கடுங்குளிரில், ஆற்றின் இரைச்சலுக்கு மேலாக அப்பாட்டு தெளிவாகக் கேட்டது. இவ்வினத்தில் ஆணும் பாடும், பெண்ணும் பாடும். ஆண்டு முழுதும் பாடும்.

அந்த உடலமைப்பைப் பற்றிப் பின்னர் நூல்களில் தேடிப் படித்தோம். ஏறத்தாழ 60 கிராம் எடை. நீருக்குள் சிறகுகளையே துடுப்பாக்கிக்கொள்கிறது. வலிய விரல்களால் அடித்தரைக் கற்களைப் பற்றிக்கொள்கிறது. நீர் ஒட்டாதிருக்க இறகுகளில் பூசும் எண்ணெய்ச் சுரப்பி அதற்குப் பெரிது. கூழாங்கற்களின் அடியில் ஒட்டி வாழும் பூச்சிப் புழுக்களும் சிறு மீன்களுமே அதன் உணவு. பாலத்தின் அடியிலும் அருவியின் பின்புறத்திலும் பாசியால் கூடு கட்டுகிறது. சுருங்கச் சொன்னால், உண்பதும் உறைவதும் பாடுவதும் யாவும் ஓர் ஓடையின் சில நூறு கெஜத் தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நீர் கெட்டால் வேறிடம் பறந்து பிழைத்துக்கொள்ளலாம் என்னும் வசதி இதற்கு இல்லை. ஆராய்ச்சியாளர்கள் இக்குருவியை நாடிச் சென்றதன் காரணமும் அதுவே. நீரின் நலத்தைக் குடுவையில் எடுத்துச் சோதித்தால் அந்த நாழிகையின் நிலை மட்டுமே தெரியும். வெண்மார்பியின் உடலோ பல மாதங்களின் கணக்கைச் சுமந்து நிற்கிறது.

கார்டிஃப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீவ் ஆர்மராட் என்பவர் இத்துறையில் பல்லாண்டு உழைத்தவர். ஸ்டெபனி டைலர் என்னும் பறவையியல் அறிஞருடன் இணைந்து 1994 இல் இப்பறவைகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். 1980 களில் அவர்கள் வேல்ஸ் மலைகளில் ஓடை ஓடையாக ஏறி இறங்கியபோது ஒரு புதிர் எதிர்ப்பட்டது. சில ஓடைகள் கண்ணாடிபோல் தெளிந்திருந்தன. கரையில் ஆலையில்லை, ஊருமில்லை. ஆயினும் அங்கே வெண்மார்பி இல்லை. கலங்கல் நீரே கெட்ட நீர் என்று எண்ணிப் பழகிய நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

குற்றவாளி மழையே. நிலக்கரி எரியும்போது எழும் கந்தகப் புகை வானில் கந்தக அமிலமாகி மழையோடு இறங்குகிறது. 'அமில மழை' என்னும் சொல்லை ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலார் 1872 ஆம் ஆண்டிலேயே தம் நூலில் எழுதிவிட்டார். உலகம் அதைக் காதில் வாங்க நூறாண்டு பிடித்தது. சுண்ணாம்புச் சத்தில்லாத மலைமண்ணால் அந்த அமிலத்தை முறிக்க இயலவில்லை. ஊசியிலை மரத்தோட்டங்கள் மூடுபனியிலிருந்தும் அமிலத்தை வடித்தெடுத்து மண்ணில் சேர்த்தன. மண்ணில் உறங்கிக் கிடந்த அலுமினியம் அமிலத்தில் கரைந்து ஓடைக்கு வந்தது. மீன்கள் மடிந்தன, கல்லடிப் பூச்சிகளில் மென்மையானவை அற்றுப்போயின. தெளிந்த நீர்தான், ஆனால் உணவற்ற நீர்.

அத்தகைய ஓடைகளில் எஞ்சியிருந்த இணைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வயிறு நிரம்ப அவை நெடுந்தூரத்தைத் தமதாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. முட்டையிடுவது தாமதமாயிற்று, முட்டைகளின் எண்ணிக்கை குறைந்தது, சுண்ணாம்புச் சத்து கிட்டாமையால் ஓடுகள் மெலிந்தன, குஞ்சுகள் மெதுவாகவே வளர்ந்தன. அட்லாண்டிக்கின் அப்பால், அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியாவிலும் இதே கதைதான். அங்கே கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களின் அமிலநீர் கலந்த ஓடைகளில், லூசியானா நீர்ப்பாடி என்று சொல்லத்தக்க மற்றொரு சிறு பறவையிடமும் ஆராய்ச்சியாளர்கள் இவ்வாறான தளர்ச்சியையே கண்டு 2008 இல் எழுதினர். பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் பகுதிகளில் அதே பறவையின் இறகில் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் மிகுதியாக ஏறியிருந்ததாக 2015 இல் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. இறகு முளைக்கும் காலத்தில் உடலில் இருந்ததெல்லாம் இறகிலும் பதிவாகிவிடும் போலும்.

இத்தனைக்கும் நடுவே மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. நாங்கள் நின்ற டாஃப் ஆறே ஒரு காலத்தில் சுரங்கங்கள் கழுவிவிட்ட கரித்தூளால் கருத்து ஓடிய ஆறு. அவ்வூர் முதியவர் ஒருவர், தம் இளமையில் அதில் கைவிட்டால் கை தெரியாது என்று எங்களிடம் கூறினார். சுரங்கங்கள் மூடப்பட்டன, கழிவுநீர் தூய்மை செய்யப்பட்டது, சால்மன் மீன் திரும்பியது, வெண்மார்பியும் திரும்பியது. பிரிட்டனின் கந்தகப் புகை 1970 இல் இருந்ததில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. 2024 செப்டம்பர் 30 அன்று அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் நின்றுபோயிற்று. ஆயினும் மலையோடைகள் அதே வேகத்தில் தேறவில்லை. 1981 முதல் லின் பிரியான் என்னும் இடத்தில் ஓடைகளை இடைவிடாது அளந்து வருகின்றனர். சிலவற்றின் மலைச்சரிவுகளில் சுண்ணாம்பு தூவியும் பார்த்தனர். மண் இழந்த சத்தை மீண்டும் பெற எத்தனை பத்தாண்டுகள் வேண்டுமோ!

நகர ஆறுகளில் பழைய நஞ்சு ஒன்று தங்கிவிட்டது. மின்மாற்றிகளில் பயன்பட்டுப் பின்னர் தடைசெய்யப்பட்ட பிசிபி என்னும் குளோரின் கலவைகள், தடைக்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் தென்வேல்ஸ் நகரங்களை ஒட்டிய வெண்மார்பிகளின் முட்டைகளில் இருந்தன. அதைவிடப் புதியது பிளாஸ்டிக்.

2020 ஆம் ஆண்டில் ஜோசப் டிசோசா என்னும் ஆராய்ச்சியாளரும் ஆர்மராட் முதலியோரும் வெளியிட்ட ஆய்வை மகள் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். தென்வேல்ஸ் ஆறுகளில் 15 இடங்கள். பறவையைத் துன்புறுத்தாமல், அது கக்கிய உருண்டைகளையும் எச்சத்தையும் திரட்டினார்கள். மொத்தம் 166 மாதிரிகள். ஏறத்தாழப் பாதியில் பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தன. நகரம் நெருங்க நெருங்க மிகுதி. ஒரு பறவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 துணுக்குகளை விழுங்குகிறது என்று கணக்கிட்டனர். குருவி பிளாஸ்டிக்கைத் தேடித் தின்னவில்லை. பூச்சி தின்றது, பூச்சியைக் குருவி தின்றது, தாய் தன் குஞ்சுக்கும் ஊட்டியது. அத்துணுக்குகளில் மிகப் பெரும்பாலானவை இழைகள். துணியிலிருந்து பிரிந்த நூலிழைகள்.

இவ்விடத்தில் மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். எங்கள் ஊர் திருப்பூர். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததும், அவள் செவிலியர் கல்லூரிக்குச் சென்றதும் பனியன் தொழிலின் கூலியால்தான்.

அருகிலிருந்த பேரன் கேட்டான்: "அப்புச்சி, அந்த நூல் நம்ம ஊர் சட்டையில இருந்து வந்ததா?"

திருப்பூர்ப் பின்னலாடை பெரும்பாலும் பருத்தி என்றும், குருவியின் வயிற்றில் கண்டவற்றுள் பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகளே பேசப்படுகின்றன என்றும் அவனுக்கு விளக்கினோம். அவன் விடவில்லை. "நம்ம வாஷிங் மெஷின்ல இருந்தா?" என்றான். அதற்கு ஆம் என்றே கூறவேண்டியிருந்தது. பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016 இல் ஆய்ந்தபோது, ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் எனக் கண்டனர். அக்குளிர்நாட்டில் கம்பளி என்ற பெயரில் விற்பவற்றுள் பாதி அக்ரிலிக்கும் பாலியெஸ்டரும்தாம் என்று எங்களுக்குத் தோன்றியது. கடைகளில் துணியைத் தடவிப் பார்ப்பது எங்கள் கைக்குப் பழக்கம்.

எங்கள் நொய்யலைப் பற்றி வாசகர் அறிவர். வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு. சாயக் கழிவால் அது நிறம் நிறமாக ஓடியதும், பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை உப்பும் சாயமும் தேங்கும் குட்டையாகியதும், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் நாடறிந்த செய்திகள். அந்நாட்களில் எங்கள் தெருவில் வேலையிழக்காத வீடு இல்லை. ஆறு வேண்டும் என்றவரும் அவரே, பட்டறை திறக்கவேண்டும் என்றவரும் அவரே. பின்னர் கழிவுநீர் முழுவதையும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தவேண்டும் என்னும் நிபந்தனையோடு தொழில் மீண்டது.

நொய்யலுக்கும் ஒரு பாடும் பறவை உண்டு. வெண்புருவ வாலாட்டி, கறுப்பும் வெள்ளையும், கண்மேல் வெண்கோடு, ஓயாது ஆடும் நீண்ட வால். அது மூழ்குவதில்லை; ஆயினும் நீர்விளிம்புப் பூச்சிகளை நம்பி, பாறையிலும் பாலத்துப் பொந்திலும் கூடுகட்டி, காலையில் இனிமையாகப் பாடும். எங்கள் சிறுவயதில் துணிதுவைக்கும் கற்களின் மேல் அது தத்தித் திரியும். ஊர் திரும்பியபின் நாங்கள் இருவரும் மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் அதற்காகவே ஆற்றங்கரையில் நடக்கிறோம். பேரன் அனுப்பிய குறிப்பேட்டில் இடம், நாழிகை, எண்ணிக்கை மூன்றையும் எழுதுகிறோம். மலையடிவாரத்தில், நீர் கல்லில் சலசலக்கும் இடத்தில், போன தைமாதம் நான்கு இருந்தன. சாம்பல் வாலாட்டியும் வடநாட்டிலிருந்து வந்திருந்தது. ஊருக்குள், பாலத்தின் கீழ், எங்கள் ஏட்டில் இதுவரை சுழியங்களே.

தம்பி மகன் இப்போது பாலியெஸ்டர் விளையாட்டு ஆடைகளுக்கு மாறத் திட்டமிடுகிறான். வெளிநாட்டார் அதைத்தான் கேட்கின்றனர். பருத்தியை மட்டும் நம்பினால் ஆர்டர் வங்காளதேசத்துக்குப் போய்விடும் என்கிறான். நாற்பது பேருக்கு வேலை கொடுப்பவன் சொல்லும்போது எளிதில் மறுக்க இயலவில்லை. குறிப்பேட்டை அவனிடம் காட்டினோம். நீண்ட நேரம் புரட்டிப் பார்த்தான்.

"பெரியப்பா, துணி ஃபினிஷிங் ஆகும்போதே உதிரும் இழையை இங்கேயே பிடிச்சு வச்சுட்டா, அங்கே போய் உதிர்வது குறையுமா?"

முதல் சில சலவைகளில்தான் மிகுதியாக உதிர்கிறது என்று படித்ததைச் சொன்னோம். எந்த இயந்திரத்தில், எத்தனை நுண்ணிய வலையில் அதைப் பிடிப்பது, பிடித்த தூசியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவன் கேட்டுக்கொண்டே போனான். விடை தெரிந்த பொறியாளர் ஒருவரை வரும் வாரம் அழைத்து வருகிறானாம்.