நலிந்தது என்று எழுதிப்போட்டேன்

ஜூலை 7, திங்கள்

ஒன்பதாம் வகுப்பில் சமணம், பௌத்தம். போன வருஷக் குறிப்பையே போர்டில் எழுதினேன்: தோன்றியது, பரவியது, நலிந்தது. மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. "மிஸ், நாங்க நயினாரு. இன்னும் இருக்கோமே?" வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். நயினார் என்றால் தமிழ்ச் சமணர். மேல்சித்தாமூரில் இன்றைக்கும் அவர்களுடைய ஜினகாஞ்சி மடம் இருக்கிறது. செஞ்சியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். நான் போனதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மதியம் அந்த நயினார் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசினேன். போன வாரம் மாலைச் சிறப்பு வகுப்பில், மேஜைக்கடியில் டிபன் பாக்ஸைத் திறந்ததற்காக எழுப்பி நிறுத்தினேனே, அது இவள்தான். பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சி சோற்றில் விழுந்து சாகுமே என்று ஆயா சொல்வாராம். பஸ் பிடித்து வீடு சேர ஏழாகிவிடும். அன்றைக்குப் பட்டினியாகவே படுத்திருக்கிறாள். "ஏம்மா சொல்லல?" என்றால், "நீங்க கேக்கலையே மிஸ்" என்கிறாள்.

ஜூலை 10, வியாழன்

சனிக்கிழமை பிள்ளைகளைச் சமணச் சிற்பங்கள் இருக்கும் திருநாதர்குன்றுக்கு அழைத்துப்போக அனுமதி கேட்டேன். தலைமையாசிரியர் தயங்கினார். "மதப் பிரச்சாரம்னு எவனாவது வீடியோ போட்டா, பதில் சொல்றது நான்தாம்மா." பயப்படுவதில் தப்பில்லை. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆம் பிரிவு. ஆனால் போதனை வேறு, மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியிருக்கிறது. அதைச் சொன்னேன். "யாரையும் கும்பிடச் சொல்லல சார். யார் யார் எப்படி இருக்காங்கன்னு தெரியட்டும்." பெற்றோர் கையெழுத்து வாங்கிவிடச் சொன்னார்.

ஜூலை 11, வெள்ளி

தமிழய்யா என் வகுப்புக்கு வந்து மணிமேகலையின் 27ஆம் காதையைக் கதையாகச் சொன்னார். வஞ்சி நகரத்தில் மணிமேகலை துறவி வேடத்தில் ஒவ்வொரு சமயக்கணக்கரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர் என்ற சமணர், கடைசியில் பூதவாதி. கண்ணால் காண்பதே சான்று, இந்தப் பிறப்பே உண்மை என்பவன் அவன். உன் அப்பா அம்மா யாரென்று எந்தக் கண்ணால் கண்டாய் என்று அவள் மடக்குகிறாள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான்.

கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். "எங்கப்பாவும் பூதவாதிதான் மிஸ். எங்க வீட்ல சாமி ரூமே இல்ல." யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. ஜூன் மாதம் சேர்க்கை விண்ணப்பத்தில் சாதி, மதம் இரண்டையும் அவர் எழுதாமல் விட்டபோது, "ஏதாவது போடுங்க சார், கம்ப்யூட்டர் எடுக்காது" என்று வாதாடியவள் நான். வெறுமையாக விடலாம் என்று 1973லேயே அரசாணை வந்துவிட்டது.

ஜூலை 12, சனி

செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது என்று நேற்று ராத்திரி செய்தி. ஊரெல்லாம் அதே பேச்சு. நாங்கள் கோட்டைக்குப் போகவில்லை. பக்கத்துத் திருநாதர்குன்றில் ஏறினோம். ஒரே பாறையில் இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு தீர்த்தங்கரர்கள். பிள்ளைகள் விரல்விட்டு எண்ணினார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தியின் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. "அம்பத்தேழு நாளா!" என்று வாய்பிளந்தவர்களுக்கு, நயினார் பெண்தான் விளக்கினாள். அந்த நோன்பின் பெயரான சல்லேகனை என்ற சொல்லை அவள் சரியாகச் சொன்னாள், நான் தடுமாறினேன். கேட்டுக்கொண்டிருந்த கடைசி பெஞ்சுப் பையன், "இது தப்பில்லையா மிஸ்?" என்றான். நல்ல கேள்வி. "நீ என்ன நினைக்கிற?" என்று அவளிடமே திருப்பினேன். இறங்கி முடிக்கும்வரை இருவரும் வாதாடினார்கள்.

ஜூலை 14, திங்கள்

குறிப்பைத் திருத்தி எழுதினேன். 'நலிந்தது' என்பதை அழித்துவிட்டு, 'குறைந்தது. இன்றும் நம் ஊர்ப்பக்கம் வாழ்கிறது' என்று போட்டேன். கீழே பூதவாதிக்கும் ஒரு வரி.

சிறப்பு வகுப்பில் ஐந்தேமுக்காலுக்கு, "எல்லாரும் பாக்ஸைத் திறங்க" என்றேன். அவள் இட்லியில் ஒன்று பூதவாதி மகனுக்குப் போனது.