மலை உயரத்தில் முழுக்கோழி

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் சுமார் 1,270 மீற்றர். உயரம் கூடக் கூட வளிமண்டல அமுக்கம் குறையும். அமுக்கம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ஹட்டனில் ஏறத்தாழ 96 பாகையிலும் நுவரெலியாவில் 94 பாகையிலும் கொதிக்கிறது. அதன்பிறகு அடுப்பில் எவ்வளவு மிலாறு விறகு செருகினாலும், திறந்த சட்டியில் உள்ள தண்ணீரின் வெப்பம் மேலே ஏறாது. தேயிலைத் தோட்டத்து அடுப்பில் பருப்பு கரையவும் முற்றிய சேவல் வேகவும் நேரம் பிடிப்பதற்கு இது பெரிய காரணம். விறகின் ஈரம் அந்தத் தாமதத்தை இன்னும் கூட்டுகிறது.

1835இல் அந்தீஸ் மலைத்தொடரைக் கடந்த சார்ல்ஸ் டார்வினும் இதைக் கண்டார். இரவெல்லாம் கொதித்த உருளைக்கிழங்கு காலையிலும் வேகவில்லை. பானை புதிது, அதற்கு வேகவைக்க மனமில்லை என்று கூட வந்தவர்கள் முடிவு கட்டினார்கள். டார்வின் காரணத்தை அறிந்திருந்தார். டெனி பப்பானின் பாத்திரத்தில் நடப்பதற்கு நேர்மாறானது இது என்று எழுதினார். பிரான்சில் பிறந்த பப்பான், இறுக மூடி நீராவியை உள்ளே அடைக்கும் அந்தப் பாத்திரத்தை 1679இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்குக் காட்டினார். 1682இல் அதில் சமைத்த விருந்தை உண்ட ஆங்கில எழுத்தாளர் ஜோன் ஈவ்லின், எலும்புகூட பாற்கட்டிபோல் மெதுவாகிவிட்டதாகத் தமது நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார்.

இன்றைய மின்சார பிரஷர் குக்கர் அதன் வழிவந்ததுதான். அடியில் வெப்பத்தகடும், உள்ளிருக்கும் வெப்பத்தையும் அமுக்கத்தையும் பார்த்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பொறியமைப்பும் சேர்ந்திருக்கின்றன. சீன விஞ்ஞானி யோங்-குவாங் வாங் 1991இல் இதற்குக் காப்புரிமை கோரினார். கனடாவின் ஒட்டாவாவில் ரொபர்ட் வாங்கும் அவருடைய கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட இன்ஸ்டன்ட் பாட், இதை வட அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுவந்தது. இதில் விசில் இல்லை; விசில் எண்ணிப் பழகிய கை நிமிடக் கணக்குக்கு மாறவேண்டும்.

அந்த நிமிடக் கணக்கில்தான் மலையகத்துக்குத் தனிக் கவனம் தேவை. குக்கர் காட்டும் அமுக்கம், வெளிக்காற்றின் அமுக்கத்துக்கு மேல் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதே. கடல் மட்டத்தில் உள்ளே 115 முதல் 117 பாகை வரை ஏறும். வெளிக்காற்றே மெலிந்திருக்கும் நுவரெலியாவில் அது 4 பாகை அளவு குறையும். அப்படியும் அங்குள்ள திறந்த சட்டியைவிட ஏறத்தாழ 18 பாகை கூடுதல். குக்கரோடு வரும் கையேட்டின் நேரம் தாழ்நிலத்துக்கு எழுதப்பட்டது. 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1,000 அடிக்கும் 5 வீதம் நேரம் கூட்டுவது பொது விதி: ஹட்டனுக்கு 10 வீதம், நுவரெலியாவுக்கு 20 வீதம். உயரத்தைப் பதிந்துவைக்கும் வசதி சில புதிய குக்கர்களில் உண்டு. அவற்றில் இந்தக் கணக்குத் தேவையில்லை.

கனடாவிலிருந்து ஊருக்குப் போகும் பெட்டியில் இதை வைக்க விரும்புவோர் பலர். அங்கே விற்கும் குக்கர் 120 வோல்டுக்கானது. இலங்கையின் 230 வோல்டில் நேராகச் செருகினால் எரிந்துபோகும். 1,000 வாட்ஸ் தாங்கும் மின்மாற்றியோ கனம், விலையும் அதிகம். பிரித்தானியாவில் வாங்கியது பொருந்தும். பணத்தை அனுப்பி இலங்கையிலேயே வாங்கச் சொல்வது எல்லாவற்றிலும் நல்லது. 1,000 வாட்ஸ் குக்கர் 4 அம்பியருக்கு மேல் இழுக்கும். தோட்டத் தொழிலாளர் வாழும் பழைய லயத்து வயரிங்கில் உள்ள 5 அம்பியர் புள்ளி அதற்கு ஏற்றதல்ல. தனியாக 13 அம்பியர் பிளக் போடவேண்டும். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் நாட்டுக்கு மின்சாரம் தரத் தொடங்கிப் பல காலம் கழித்தே சுற்றியிருந்த பல லயங்களுக்குள் விளக்கு எரிந்தது. அந்த மின்சாரம் இன்று சமையலுக்கும் பயன்படுவது நியாயமானது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு முன்பே எழுந்து, நாளெல்லாம் கொழுந்து பறித்து, திரும்பி வந்து இஸ்தோப்பு மூலையில் புகைக்குள் குனிந்திருக்கும் பெண்ணுக்கு, பக்கத்தில் நிற்கத் தேவையில்லாத அடுப்பு பெரிய விடுதலை. ஒரு கோழி சமைக்க அரை யுனிட் மின்சாரம் போதும்.

6 லீற்றர் குக்கருக்கு ஒன்றரைக் கிலோ புரொய்லர் கோழி சரியாக அடங்கும். உள்ளே கழுவித் துடைத்து, உப்பு, மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டு விழுது பூசி அரை மணி நேரம் வைக்கவேண்டும். வயிற்றுக்குள் கறுவா, ஏலம், கராம்பு, ரம்பை, கறிவேப்பிலை. குக்கரின் வதக்கும் நிலையில் எண்ணெய் விட்டு நெஞ்சுப்பக்கம் பொன்னிறமாகும்வரை திருப்பி எடுத்து, அதே எண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி அடியில் பிடித்ததைச் சுரண்டிவிட வேண்டும். சுரண்டாவிட்டால் அடிப்பிடித்து, குக்கர் தானே நின்றுவிடும். கோழியைக் கம்பித் தட்டில் நெஞ்சு மேலாக வைத்து மூடி, உயர் அமுக்கத்தில் 20 நிமிடம்; ஹட்டனில் 22, நுவரெலியாவில் 24. அமுக்கம் ஏறும் 10, 15 நிமிடம் இதில் சேராது.

நேரம் முடிந்ததும் ஆவியை உடனே திறந்துவிடக் கூடாது. அமுக்கம் திடீரென இறங்கினால் உள்ளே தண்ணீர் பொங்கிக் கொதித்து, இறைச்சி சாற்றை இழந்து இறுகும். 15 நிமிடம் தானாக இறங்கவிட்டு, மீதியை வெளியேற்றி, மிதவை முள் விழுந்த பின்பே மூடியைத் திறக்கவேண்டும். தொடையின் தடித்த இடத்தில் குத்தினால் இளஞ்சிவப்பு நீர் வரக்கூடாது; வெப்பமானி இருந்தால் 74 பாகை காட்டவேண்டும். தேங்காய்ப் பால் அமுக்கத்தில் திரிந்துவிடும் என்பதால், கோழியை வெளியே எடுத்தபின் அடியில் நிற்கும் சாற்றில் ஊற்றி மெல்லச் சுண்டவைக்கலாம். தோல் மொறுமொறுப்பாக வராது. வேண்டுமென்றால் சூடான எண்ணெயில் ஒருமுறை புரட்டவேண்டும்.

நாட்டுக்கோழிக்கும், முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலுக்கும் இந்த நேரம் போதாது. ஓடித் திரிந்து வளர்ந்த கோழியின் காலில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசுப் புரதம் கெட்டிப்பட்டிருக்கும். அது கரைந்து ஜெலட்டினாக மாறவேண்டும். 40 நிமிடம் கொடுக்கலாம், நுவரெலியாவில் 48. குக்கரின் முழுப் பயனும் தெரிவது இந்தக் கோழியில்தான்.

நடுவில் மின்சாரம் போனால் மூடியை வலிந்து திறக்கக் கூடாது. சீக்கிரம் வந்துவிட்டால் மீண்டும் அமுக்கம் ஏற்றி வேகவைக்கலாம். வராவிட்டால் அமுக்கம் தானாக இறங்கியதும் இறைச்சியை விறகடுப்புக்கு மாற்றவேண்டும். வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும், அரைவேக்காட்டில் இரவு முழுக்க வைத்திருப்பது ஆபத்து.

சாப்பிட்டு மிஞ்சும் எலும்பை எறியவேண்டாம். இடித்த மிளகு, சீரகம், பூண்டோடு, பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமல் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வேகவைத்தால் கெட்டியான ரசம் கிடைக்கும். உப்பைக் கடைசியில், ருசி பார்த்துப் போட்டால் போதும்.