பச்சை லைட்டும் ஒரு சின்ன ரெசிஸ்டரும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரலை. யாரும் தேடியிருக்க மாட்டீங்க, இருந்தாலும் காரணத்தைச் சொல்லிடறேன். வழக்கமான ஆணி புடுங்கறது போக, புதுசா ஒரு ஆணி சேர்ந்துடுச்சு. எங்க ஆபீசுக்கு சரவணம்பட்டி பக்கம் ரெண்டு மாடி வாடகைக்கு எடுத்தாங்க. "நீ ட்ரிபிள் ஈ தானே படிச்சே? ஃபயர் அலாரம் வேலையை நீயே பாத்துக்கோ"ன்னு மேனேஜர் என் தலையில கட்டிட்டார். நான் கடைசியா வயரைத் தொட்டது காலேஜ் லேப்ல!

வேலைக்கு வந்த அண்ணனுக்கு அம்பது வயசு இருக்கும். ஸ்பின்னிங் மில்லுகள்ல ரொம்ப வருஷம் எலக்ட்ரீஷியனா இருந்தவர். நான் ராத்திரி கண்ணு முழிச்சு வரைஞ்ச ப்ளானை அஞ்சே நிமிஷத்துல முடிச்சுட்டார்.

பேனலை சர்வர் ரூம்ல போட்டிருந்தேன். "ஏனுங் தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க கத்துனா யாருக்குங்க கேக்கும்? வாட்ச்மேன் உக்கார்ற எடத்துல வைங்க."

பேன்ட்ரியில ஸ்மோக் டிடெக்டர் போட்டிருந்தேன். "ரொட்டி கருகுனாலே கத்துமுங்க. நாலு நாள் கத்துனா அஞ்சாம் நாள் எவனாச்சும் ஆஃப் பண்ணிப் போடுவான். அங்க ஹீட் டிடெக்டர் போடுங்க." மில்லுலயும் இதே கதைதானாம். பஞ்சு தூசி பறக்கற இடத்துல சாதா ஸ்மோக் டிடெக்டர் சரிப்படாது. அதனால பஞ்சு போற குழாய்க்குள்ளயே தீப்பொறியைக் கண்டுபிடிச்சு, அந்தப் பஞ்சை மட்டும் தனியா திருப்பி விடற சிஸ்டம் வெச்சிருப்பாங்க.

எட்டு ஸோன் பேனல் ஒண்ணு வாங்கினோம். கரண்ட் போனா தாங்க 12 வோல்ட் பேட்டரி ரெண்டு, சீரியஸ்ல 24 வோல்ட். இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், ஒவ்வொரு ஸோன் வயரோட கடைசியிலயும் மாட்டற ஒரு குட்டி ரெசிஸ்டர். பேனல் எப்பவும் அந்த வயர்ல கொஞ்சூண்டு கரண்டை விட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும். டிடெக்டர் புகையைப் பாத்தா கரண்ட் ஏறும், அது ஃபயர். வயர் அறுந்தா கரண்ட் நின்னுடும், அது ஃபால்ட். நம்ம ஊரு பாஷையில சொன்னா, சர்வர் உசுரோட இருக்கான்னு பிங் பண்ற மாதிரி.

ஹேண்ட் ஓவருக்கு முந்தின நாள். எல்லா ஸோனும் நார்மல், பச்சை லைட் ஜம்முனு எரியுது. நான் பில்லுல கையெழுத்து போடப் போனேன். அண்ணன், "இருங்க தம்பி, ஒருக்கா கழட்டிப் பாத்துரலாம்"னார். ஒவ்வொரு ஸோன்லயும் ஒரு டிடெக்டரைக் கழட்டினா ஃபால்ட் காட்டணும். ஒண்ணு காட்டுச்சு. ரெண்டு காட்டுச்சு. மூணாவது ஸோன்ல கழட்டியும் பேனல் அசையலை. அதே பச்சை லைட்.

பேனலைத் திறந்தா விஷயம் வெளிய வந்துச்சு. கடைசியில இருக்க வேண்டிய ரெசிஸ்டர் பேனலுக்குள்ளயே மாட்டியிருந்தது. ஃபால்ஸ் சீலிங் வேலையில வயர் அறுந்து போய் ஃபால்ட் காட்டிக்கிட்டே இருந்திருக்கு. அவசரத்துல, கூட வந்த பையன் இப்படி ஏமாத்தி வெச்சுட்டான். அறுந்த இடத்துக்கு அந்தப்பக்கம் மூணு டிடெக்டர். மூணும் வெறும் அலங்காரம். அந்த மூணும் இருந்தது ட்ரெயினிங் ரூம்ல. முப்பது ஃப்ரெஷர் பசங்க உக்கார்ற ரூம், ஒரே கதவு.

எனக்குக் கோவம் வந்துச்சு. ஆனா அந்தப் பையனைத் திட்ட வாய் வரலை. டெட்லைன் அன்னிக்கு எக்செப்ஷனை கேட்ச் பண்ணி, உள்ள ஒரு வரி கூட எழுதாம விட்டவன்தானே நானும்? ரெண்டுமே ஒண்ணுதான். பிரச்சனையைச் சரி பண்ணலை, பிரச்சனை இருக்குன்னு சொல்ற வாயை அடைச்சுட்டோம்.

வாயை அடைச்சா என்ன ஆகும்? 2011 டிசம்பர்ல கொல்கத்தா ஏஎம்ஆர்ஐ மருத்துவமனைத் தீவிபத்துல கிட்டத்தட்ட 90 பேர் செத்தாங்க. பெரும்பாலானவங்களைக் கொன்னது நெருப்பு இல்ல, புகை. அலாரம் அணைச்சு வெச்சிருந்ததா அப்ப செய்தி வந்துச்சு.

2004 ஜூலை 16, கும்பகோணம். 94 குழந்தைங்க. அப்ப நான் பொள்ளாச்சி பக்கம் ரெண்டாங்கிளாஸ். எங்க ஸ்கூல் கீத்துக்கொட்டகையைப் பிரிச்சப்ப, மரத்தடியில கிளாஸ் நடக்குதுன்னு நாங்க குஷியா இருந்தோம். எதுக்குப் பிரிக்கறாங்கன்னு அம்மா சொல்லலை. என்னை மடியில இழுத்து வெச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். ட்ரெயினிங் ரூம்ல ஏணிமேல நின்னப்ப அதுதான் ஞாபகம் வந்துச்சு.

வயரை மாத்தி, ரெசிஸ்டரைக் கடைசி டிடெக்டர் பேஸ்ல மாட்டி, எட்டு ஸோனையும் திரும்ப முதல்ல இருந்து டெஸ்ட் பண்ணினோம். ராத்திரி பதினொண்ணு ஆயிடுச்சு. மூணாவது ஸோன்ல டிடெக்டரைக் கழட்டினதும் பேனல் 'கீ'ன்னு கத்துச்சு பாருங்க, இளையராஜா பாட்டு மாதிரி இருந்துச்சு :-)

நாளைக்கு உங்க ஆபீஸ் பேனலைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. பச்சை எரிஞ்சா நல்லது. கடைசியா எப்ப, யார் டெஸ்ட் பண்ணினாங்கன்னு மட்டும் கேட்டுடுங்க. நான் போய் என் பழைய கோட்ல காலியா கிடக்கற கேட்ச் எல்லாம் தேடணும்.