கற்பிட்டிக் கடலில் மீண்டும் ஒரு முறை

கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் செல்லும் பெருந்தெருவில், பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால், ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலுமாக நீண்டு கிடக்கும் தீபகற்பம் தொடங்குகிறது. உப்பளங்கள், தென்னந்தோப்புகள், 2011ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நெடும் புகைக்கூண்டு, காற்றாலைகள், தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்குப் பிரியும் வழி ஆகியவற்றைக் கடந்து சென்றால் முனையில் கற்பிட்டியும் அதன் ஒல்லாந்தர் கோட்டையும் நிற்கின்றன. 1344இல் இந்தப் புத்தளக் கரையில் வந்திறங்கிய இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்துக்களைக் கண்டதாக எழுதி வைத்திருக்கிறார்.

சென்ற மாசி மாதம் அவ்வழியே சென்றபோது நான் முத்தையும் நினைக்கவில்லை, கோட்டையையும் நினைக்கவில்லை. என் துணைவியார் பாலாவியிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. காரணத்தை வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே கடலில், காற்றடைத்த சிலிண்டரை முதுகில் சுமந்து, இருபத்தெட்டு மீற்றர் ஆழம் வரை சென்று வந்தேன். விதிமுறை எதையும் மீறவில்லை. எனினும் கரையேறிய அரைமணி நேரத்தில் வயிற்றில் நீலமும் சிவப்புமாகப் படை படர்ந்தது, தலை சுழன்றது. முதலில் பார்த்த வைத்தியர், "மத்தியானம் இறால் சாப்பிட்டீரோ?" என்று கேட்டு, ஒவ்வாமைக்கு மாத்திரை தந்தார். இறால் பண்ணைகள் மலிந்த புத்தளத்தில் அப்படி நினைப்பது இயல்பே. ஆனால் குற்றவாளி இறால் அன்று, என் இருதயம்.

கருவிலிருக்கும் சிசு நுரையீரலால் சுவாசிப்பதில்லை. ஆதலால் இருதயத்தின் வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்கு இரத்தம் நேரே செல்ல இயற்கை ஒரு சிறு கதவை வைத்திருக்கிறது. பிறந்தபின் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டுவதில்லை. அவர்களுட் பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். மூழ்குபவன் கதை வேறு. பத்து மீற்றர் ஆழத்திலேயே அழுத்தம் இரு மடங்காகிறது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்தில் கரைகிறது. மேலே வரும்போது சிறு குமிழிகளாகப் பிரிகிறது. அக்குமிழிகளை நுரையீரல் வடிகட்டிவிடும். கதவு திறந்திருந்தாலோ, அவை வடிகட்டப்படாமல் இடப்புறம் புகுந்து மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் தோலுக்கும் போய்விடும். இருதய மேலறைச் சுவரில் துவாரம் உள்ள ஒரு மூழ்குநருக்கு இவ்வாறு நேர்ந்ததை 1986இல் பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் என்ற ஆங்கில இருதய நிபுணரும் அவருடைய கூட்டாளிகளும் எடுத்துக் காட்டினர். 1989இல் வெளிவந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தின.

என் கதவை அடைத்தது நெஞ்சைப் பிளந்தன்று. தொடை நாளத்தின் வழியே நுண்குழாயைச் செலுத்தி, நிக்கலும் தைத்தானியமும் கலந்த கம்பி வலையாலான இரு சிறு தட்டுகளைச் சுவரின் இருபுறமும் பொருத்தினார்கள். பின்னர் குறைந்தது மூன்று மாதம் பொறுக்க வேண்டும், உப்புநீர்க் குமிழிகளைக் கை நாளத்தில் ஏற்றி, அவை இடப்புறம் போகவில்லையென்று ஒலியலைப் படத்தில் பார்க்க வேண்டும், அதன்பின்னரே கடல். நான் மூன்று மாதமல்ல, இரண்டு ஆண்டுகள் பொறுத்தேன். பயந்தது இருதயத்துக்கன்று, வீட்டுக்கு.

கண்டக்குழிக் கரையில் எங்களுக்குப் படகு தந்த நானா, என் கதையைக் கேட்டுவிட்டுத் தம் மைத்துனரைப் பற்றிச் சொன்னார். கடலட்டைக்காக ஒரே நாளில் நான்கு சிலிண்டர் வரை மூழ்கியவராம்; இப்போது ஊன்றுகோல் இன்றி நடக்க முடியாது. "அவருக்கு நெஞ்சிலே ஓட்டை ஒண்டும் இல்ல, ஐயா. அவசரந்தான்" என்றார். இக்கடலில் முன்னாளில் முத்துக் குளித்தவர்கள் கல்லைப் பற்றிக்கொண்டு மூச்சடக்கி இறங்கினர். சுறாவை மந்திரத்தால் கட்டுவதற்குக் 'கடற்கட்டி' என்பவரைக் கூலிக்கு வைத்திருந்தனர். அவர்கள் நீருக்கடியில் காற்றைச் சுவாசிக்கவில்லை. ஆகவே இந்தக் குமிழித் தொல்லை அவர்களை அவ்வளவாக அண்டவில்லை. சிலிண்டரோடு வந்த நோய் இது.

ஆங்கிலத்தில் 'பார் றீஃப்' எனப்படும் பவளப்பாறைத் திட்டுக்கள் 1992 முதல் கடற் சரணாலயம். பார் என்றாலே நம் கடலோடிகளுக்குக் கடலடிப் பாறைதான். பெயரில் ஒரே பொருள் இருமுறை வருவதாக எனக்கு எப்போதும் தோன்றும். 1998இல் கடல் சூடேறி இங்குள்ள ஆழங்குறைந்த பவளங்களில் பெரும்பகுதி மடிந்தது. பின்னர் தழைத்தது, 2016இல் மீண்டும் வெளிறியது. நான் இறங்கிய இடத்தில் உடைந்த பழைய கிளைகள் எலும்புகள்போற் குவிந்து கிடந்தன. அவற்றின்மேல் உள்ளங்கையளவு புதிய தட்டுப் பவளங்கள் சில. ஒரு கிளிமீன் பாறையைச் சுரண்டும் ஓசை நன்றாகக் கேட்டது. அந்த ஓசையை மறந்தே போயிருந்தேன்.

ஒன்பது மீற்றரில் நின்றேன். அப்பால் பாறை சரிந்து நீலத்துள் இறங்கியது. ஒரு பெரிய கலவா அந்தச் சரிவிலே நின்று என்னைப் பார்த்தது. முன்னைய நான் பின்தொடர்ந்திருப்பேன், அன்று திரும்பினேன். ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நிற்பது விதி; நான் எட்டு நிமிடம் நின்றேன். என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. மேலே படகின் அடிப்புறமும், விளிம்பில் சாய்ந்து நீரையே பார்த்துக்கொண்டிருந்த ஓர் உருவமும் தெரிந்தன.

அன்றிரவு விடுதியில் இறால் கறி வைத்தார்கள். என் துணைவியார் பாத்திரத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "நாளைக் காலை வரை உங்களுக்கு இது இல்லை. ஏதாவது தடித்தால், எதனால் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

காலையில் ஒன்றும் தடிக்கவில்லை. இறாலும் மீதியிருக்கவில்லை.