கான்ஃபிகர் சொன்ன ‘நோ’

பழைய சி லைப்ரரி ஒன்றைச் சோர்ஸிலிருந்து கட்ட வேண்டி வந்தால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. திரையில் எந்த எரர் வந்தாலும் கூகுளில் தேடி, யாரோ சொன்ன ஃப்ளாகைக் கொண்டுவந்து மேக்ஃபைலில் ஒட்டிவிடுவேன். பல ஆண்டுகள் இது பலித்தது. 2020-இல் ஜிசிசி 10 வந்தபோது, ‘எக்ஸ்டெர்ன்’ போடாமல் ஹெடரில் எழுதிய குளோபல் மாறிகளுக்கெல்லாம் லிங்க்கர் ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ என்று கத்தியது. எஃப்-காமன் என்ற ஃப்ளாகைக் கொடுத்தேன், அடங்கியது.

2024 மே மாதம் வந்த ஜிசிசி 14 வேறு ரகம். அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதை சி தரம் 1999-லேயே விலக்கிவிட்டது. ஆனாலும் ஜிசிசி இத்தனை காலமும் அதிகபட்சம் ஒரு வார்னிங்கோடு விட்டுவந்தது. 14-இல்தான் அது எரர் ஆனது. காரணம் நியாயமானது. அறிவிப்பு இல்லாவிட்டால் அந்த ஃபங்ஷன் இன்ட்தான் திருப்பும் என்று கம்பைலர் ஊகித்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் இன்ட் 32 பிட், பாயிண்டர் 64 பிட். திரும்பி வருவது பாயிண்டரானால் மேல்பாதி போய்விடும். முகவரிகள் சிறிய எண்களாக இருந்த வரை இந்தத் தப்பு வெளியே தெரியாது.

நான் வழக்கம்போல எஃப்-பெர்மிசிவ் என்று மேக்ஃபைலில் எழுதினேன். எரர்கள் வார்னிங்குகளாயின. லைப்ரரி கட்டி முடிந்தது, முதல் ஓட்டத்திலேயே செக்மென்டேஷன் ஃபால்ட். நினைவகம் ஒதுக்கும் அதன் சொந்த ஃபங்ஷனுக்கு எந்த ஹெடரிலும் அறிவிப்பு இல்லை. ஒரு வரி சேர்த்ததும் சரியாயிற்று. விழுந்த இடம் தெரிந்ததால் இது சீக்கிரம் முடிந்த வேலை.

விழாததுதான் வெகுநாள் படுத்தியது. பெரிய கோப்புகளைத் திறந்தால் புது பில்ட் மட்டும் தவழ்ந்தது. மேக் செக் முழுக்கத் தேறியிருந்தது. தேறாமல் என்ன, விடை சரியா என்றுதானே அது பார்க்கும், எந்த வழியில் வந்தது என்று கேட்காதே. கடைசியில் கான்ஃபிகரின் லாகைத் திறந்தேன். பெரிய கோப்புகளை நேரடியாக நினைவகத்தோடு இணைத்து வேகமாகப் படிக்க உதவும் எம்-மேப் இருக்கிறதா என்ற சோதனைக்கு ‘நோ’ என்று பதில். லினக்ஸில் எம்-மேப் இல்லையாம்!

கான்ஃபிகர் செய்வது இதுதான்: சின்ன சி ப்ரோகிராம் ஒன்றை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கும். கம்பைல் ஆனால் வசதி உண்டு, ஆகாவிட்டால் இல்லை. ஏன் ஆகவில்லை என்பது அதற்கு வேண்டாத விஷயம். இந்த லைப்ரரியின் சோதனையை யாரோ அந்தக் காலத்தில் கையால் எழுதியிருக்கிறார். மெயினுக்கு முன்னால் இன்ட் கிடையாது. எக்ஸிட்டை அழைக்கிறது, அதற்குரிய ஹெடர் கிடையாது. ஜிசிசி 14 அந்த இரண்டுக்காகத்தான் எரர் கொடுத்தது. எம்-மேப் மேல் ஒரு குறையும் இல்லை. கேள்வித்தாளில் எழுத்துப்பிழை என்பதற்காக மாணவனை ஃபெயில் ஆக்கிய கதை. நான் போட்ட பெர்மிசிவ் மேக்ஃபைலில் இருந்ததால் கான்ஃபிகருக்குப் போய்ச் சேரவே இல்லை. சேர்ந்திருந்தால் இந்த ‘நோ’ வந்திருக்காது என்பது வேறு வேடிக்கை.

ஆட்டோகான்ஃபின் புதிய பதிப்பால் கான்ஃபிகரை மறுபடி உருவாக்கினால் அதனுடன் வரும் சோதனைகள் திருந்திவிடும். கையால் எழுதியவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். திருத்தினேன், வேகம் திரும்பியது.

இப்போதெல்லாம் பழைய லைப்ரரி கைக்கு வந்தால், முதலில் பழைய கம்பைலர் உள்ள கன்டெய்னரில் கான்ஃபிகரை ஓட்டுகிறேன், பிறகு புதியதில். இரண்டிலும் உருவாகும் கான்ஃபிக் ஹெடர்களை டிஃப் போட்டு, வேறுபடும் வரி ஒவ்வொன்றுக்கும் லாகில் காரணம் தேடுகிறேன். பெர்மிசிவை விட்டாயிற்று. எஃப்-காமன் மட்டும் இரண்டொரு மேக்ஃபைலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஹெடர்களைத் திருத்த இன்னும் உட்காரவில்லை.