வழித்துணை

பயணத்திற்கு அரபு மொழியில் ‘ஸஃபர்’ என்று பெயர். திரை விலகுதல், வெளிப்படுதல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. மனிதனின் உண்மைக் குணத்தைப் பயணம் வெளிக்கொணர்ந்துவிடுவதால் அதற்கு அப்பெயர் வாய்த்தது என்று முன்னோரான அறிஞர் விளக்கம் தருவர். தோழனைக் குறிக்கும் ‘ரஃபீக்’ என்னும் சொல்லோ, மென்மையைக் குறிக்கும் ‘ரிஃப்க்’ என்பதுடன் ஒரே வேரில் கிளைத்தது. நம் தமிழிலும் ‘செலவு’ என்னும் ஒரு சொல்லே வழிச்செல்லுதலையும் பொருள் கரைதலையும் ஒருங்கே குறிக்கிறது. இச்சொற்களை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கி வருகிற நம் முன், அவற்றின் பொருளை உரைத்துப் பார்க்கும் கேள்வி ஒன்று சென்ற ஆண்டு வந்து நின்றது.

நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர். வயது இருபத்து மூன்று. சிறு சரக்கு வண்டி ஓட்டிப் பழகியபின் கடன் வாங்கிப் பயிற்சி பெற்றுக் கனரக வாகன உரிமம் எடுத்தார். எடுத்த கையோடு இரண்டு வேலைகள் அவரைத் தேடி வந்தன. நாமக்கல் வட்டாரத்து லாரி உரிமையாளர் ஒருவர், வடநாட்டுக்குச் செல்லும் தம் வண்டியில் இரண்டாம் ஓட்டுநராக வரும்படி அழைத்தார். அவ்வண்டியின் முதல் ஓட்டுநர் ஐம்பதைக் கடந்தவர். மற்றோர் உரிமையாளரோ, அரியலூரில் சிமெண்ட் ஏற்றிக் கேரளத்தில் இறக்கும் வண்டியைத் தனியே ஓட்டக் கொடுப்பதாகச் சொன்னார். முன்னதில் பேட்டா இருவருக்கும் பங்காகும். வீட்டைக் காண்பது பதினைந்து நாளுக்கு ஒருமுறை. பின்னதில் பேட்டா முழுவதும் ஒருவருக்கே; வாரத்தில் இரு நாள் வீட்டுச் சோறு உண்ணலாம். “ஹஜ்ரத், எதை ஏற்பது?” என்று கேட்டு வந்தார்.

மறுநாள் அவருடைய தாயாரும் வந்தார். “அவன் தனியாகவே போகட்டும் ஹஜ்ரத். முன்பின் தெரியாத ஆள் வண்டி ஓட்ட, என் பிள்ளை அதில் கண்ணை மூடிக்கொண்டு படுத்துக் கிடப்பதா?” என்றார். கணக்குப் பார்த்த மகனைவிடக் கணக்கறியாத தாய் விஷயத்தின் மையத்தைத் தொட்டுவிட்டார் என்றே நமக்குத் தோன்றிற்று. இருவர் ஓட்டும் வண்டியில் முதன்மையான வேலை ஓட்டுவது அன்று. மற்றவர் கையில் உயிரை ஒப்படைத்து உறங்குவது. தனியே ஓட்டுபவருக்கோ, உறக்கம் வரும்போது ஸ்டியரிங்கை ஒப்படைக்க ஆள் இல்லை. ஆகவே இது வருமானத்தைப் பற்றிய கேள்வி போல் தோன்றினாலும் உண்மையில் உறக்கத்தைப் பற்றிய கேள்வியே ஆகும்.

லாரித் தொழில் நம் துறை அன்று. ஆதலால் நம் மஹல்லாவில் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் சென்று அமர்ந்தோம். அவர் கூறியவற்றுள் முதலாவது, பழைய பயிற்சி முறையைப் பற்றியது. அந்நாளில் எவரும் உரிமம் பெற்ற மறுநாளே லாரி ஓட்ட வருவதில்லை. கிளீனராகச் சேர்ந்து, டயர் கழற்றி, தார்ப்பாய் கட்டி, ஓட்டுநர் உறங்காதபடி இரவெல்லாம் பேச்சுக்கொடுத்து, ஒதுக்குப்புறமான சாலையில் சிறிது சிறிதாக ஸ்டியரிங் பிடித்து, ஆண்டுகள் சில கழிந்தபின்தான் ஓட்டுநர் ஆவார். அந்தக் கிளீனர் வேலைக்கு இப்போது ஆள் வருவது அரிதாகிவிட்டது. “பள்ளிக்கூடம் மூடிவிட்டது, பரீட்சை மட்டும் நடக்கிறது” என்றார் அவர். கிதாபை உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதியவனுக்கும் தானே புரட்டிப் பார்த்தவனுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த நமக்கு அச்சொல் நன்கு விளங்கிற்று.

அதற்கு எடுத்துக்காட்டாகத் தொப்பூர்க் கணவாயைச் சொன்னார். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வருகையில் தேசிய நெடுஞ்சாலை 44 அங்கே இறக்கமாகச் செல்கிறது. விபத்துகளுக்குப் பெயர்பெற்ற இடம் அது. டீசலை மிச்சப்படுத்த எண்ணி வண்டியை நியூட்ரலில் விட்டு இறங்குபவர் எஞ்சினின் பிடிமானத்தை இழக்கிறார். பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. ஓயாமல் மிதிக்க மிதிக்க அது சூடேறிப் பிடிப்பற்றுப் போகிறது. ஏறுவதற்கு எந்தக் கியரோ இறங்குவதற்கும் அந்தக் கியர் என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். இதைப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் முழுப் பாரத்துடன் இறங்கும்போது, எந்த இடத்தில் கியரைக் குறைக்க வேண்டும் என்று அருகிலிருந்து சொல்ல ஒருவர் வேண்டும்.

இரண்டாவதாக அவர் சொன்னது நாம் எதிர்பாராதது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. 2021 பிப்ரவரியில் சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. வரிசையில் காத்துக் கிடந்த துன்பம் பெரிதும் ஒழிந்தது, நன்மைதான். ஆயினும் அந்த வரிசையில்தான் தனி ஓட்டுநர் சற்றுக் கண்ணயர்ந்தார். தடை நீங்கிய சாலையில் வண்டி விரைகிறது. உடலின் தேவையோ அன்று போலவே இன்றும் இருக்கிறது. முன்பு வழி தானே கொடுத்த ஓய்வை இன்று ஓட்டுநர்தான் துணிந்து எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நூல்கள் கூறுவதையும் ஒப்புநோக்கினோம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்தைப் பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், தேசியப் பெர்மிட் பெற்ற கனரக லாரியில் இரண்டு ஓட்டுநர்களும், ஒருவர் நீட்டிப் படுத்துறங்க இடமும் இருத்தல் வேண்டும் என்றன. இருவர் வேண்டும் என்ற கட்டாயம் 2018இல் தளர்த்தப்பட்டது. ஆகவே முன்பு விதி செய்த தேர்வை இன்று உரிமையாளரும் ஓட்டுநருமே செய்யும்படி ஆயிற்று.

உறக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளும் தெளிவாகவே பேசுகின்றன. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்கிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கண்டனர். நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு விதித்துள்ள எல்லையோ 0.03 விழுக்காடுதான். மதுவைத் தொட்டும் அறியாத ஒருவர், உறக்கத்தை மறுப்பதனாலேயே அந்த எல்லையைக் கடந்துவிட முடியும்! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியில் நான்கு நொடி கண் செருகினால், ஏறத்தாழ 67 மீட்டர் தூரம் வண்டி ஆளின்றி ஓடியதாகப் பொருள். நள்ளிரவுக்குப் பின் விடியல் வரையுள்ள நேரமே இதற்கு மிகக் கொடிது.

அமெரிக்க நாட்டில் இருவர் மாறி மாறி ஓட்டுவது தனியொரு தொழில்முறையாகவே வளர்ந்துள்ளது. கணவனும் மனைவியுமாக ஓட்டுவோரும் அங்கே உளர். சரக்கு வண்டி ஓட்டுபவர் 10 மணி நேரம் ஓய்ந்தபின் 11 மணி நேரத்திற்கு மேல் ஓட்டலாகாது என்பது அந்நாட்டுப் பொதுவிதி. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிகழ்ந்த ஓர் ஆய்வு இரண்டு உண்மைகளைக் காட்டிற்று. ஓடும் வண்டியில் உறங்குவோரின் உறக்கம் தரத்தில் குறைந்தது என்பது ஒன்று. அவ்வாறிருந்தும், கடும் அயர்வுடன் வண்டி ஓட்டும் நிலை தனித்து ஓட்டுவோரிடமே மிகுதி என்பது மற்றொன்று. அயர்வு மிகுமுன் இடம் மாற்றிக்கொள்ள ஆள் இருப்பதே இதற்குக் காரணமாகலாம்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, புதியவருக்குத் துணையோடு ஓட்டுவதே தக்கது என்று முடிவு செய்தோம். ஆனால் எந்தத் துணையும் ஆகலாம் என்று சொல்லவில்லை. வழிக்கு முன் துணையைத் தேடு என்னும் அரபு முதுமொழியோடு, தீய துணையினும் தனிமை நன்று என்னும் மொழியும் உண்டு. கூடவருபவர் போதைப் பொருளால் விழித்திருப்பவரானால், சினத்தில் வண்டியை முடுக்குபவரானால், சிமெண்ட் வண்டியைத் தனியே ஓட்டுவதே மேல். தனியே செல்பவர் உறக்கம் வந்தால் எவரையும் கேளாமல் நிறுத்தலாமே!

ஆகையால் மாணவரிடம் கூறினோம்: “தம்பி, வேலையை ஒப்புக்கொள்ளுமுன் அந்தப் பெரியவருடன் ஒரு நடை போய் வாருங்கள். அவர் இறக்கத்தில் எப்படி இறங்குகிறார், இரவு இரண்டு மணிக்கு என்ன செய்கிறார், சாப்பாட்டுக் கடைச் சிறுவனிடம் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். மனம் ஒப்பினால் நான்கு செய்திகளை முன்னதாகவே பேசி முடியுங்கள். நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். உறங்குபவரை முறைக்கு முன் எழுப்பலாகாது. ‘எனக்கு முடியவில்லை’ என்று ஒருவர் சொன்னால் மற்றவர் காரணம் கேளாமல் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். பேட்டாவில் அவரவர் பங்கு எவ்வளவு என்பது புறப்படுமுன்பே தெரிந்திருக்க வேண்டும். ஓராண்டு சென்றபின் தனியே ஓட்டுவதைப் பற்றி மறுபடியும் யோசிக்கலாம்.”

தாயாரிடமும் பேசினோம். “பிள்ளை உறங்கும் வண்டியைப் பிறர் ஓட்டுவது அச்சந்தான், அம்மா. பிள்ளை உறங்கிக்கொண்டே ஓட்டுவது அதனினும் பெரிய அச்சமல்லவா?” என்றோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “அந்தப் பெரியவரை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லுங்கள். முகத்தையாவது பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அவ்வாறே பெரியவர் வந்து உண்டு சென்றார்.

மாணவர் அவருடனே சேர்ந்தார். முதல் நடை முடிந்து திரும்பியவர் நம்மிடம் கூறியது ஓட்டுவதன் கடினத்தைப் பற்றி அன்று. முதல் மூன்று இரவுகள் படுக்கையில் அவருக்கு உறக்கமே வரவில்லையாம். ஒவ்வொரு பிரேக்குக்கும் எழுந்து உட்கார்ந்தாராம். நான்காம் இரவு, நாகபுரிக்கு அப்பால், பெரியவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னாராம்: “நீ தூங்கினால்தானப்பா நாளைக்கு நான் தூங்க முடியும். என்மேல் நம்பிக்கை இல்லாவிட்டாலும் எனக்காகத் தூங்கு.” அன்றுதான் அவர் அயர்ந்து உறங்கினாராம். மற்றொரு முறை, விடியற்காலையில் இருவருக்குமே கண் செருகியது. சரக்கு தாமதமாகும் என்று தெரிந்தும் வண்டியை ஓரங்கட்டி மூன்று மணி நேரம் உறங்கினார்கள். உரிமையாளர் இருவர் பேட்டாவிலும் பிடித்தம் செய்தார். “எனக்கு வருத்தம்தான் ஹஜ்ரத். ஆனால் தனியாக இருந்திருந்தால் நிறுத்தத் துணிந்திருக்க மாட்டேன்” என்றார் மாணவர்.

இச்சொல்லை உரிமையாளர்களும் கேட்க வேண்டும். இருவரை ஏற்றியதால் வண்டி ஓயாது ஓட வேண்டும் என்று கணக்கிடுவது, துணையைச் சுமையாக மாற்றுவதாகும். தனியே அனுப்பும் வண்டிக்கும் நின்று உறங்கும் நேரத்தைச் சேர்த்தே சரக்கு சேரும் நாளைக் குறிக்க வேண்டும். புதிதாக இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நாம் கூறுவது இதுவே: பேட்டா எவ்வளவு என்று கேட்கும் முன், உறக்கம் வந்தால் வண்டியை நிறுத்தலாமா என்று கேளுங்கள். நிறுத்தலாம் என்ற விடை எந்த வண்டியில் கிடைக்கிறதோ, அதில் ஏறுங்கள்.