நொச்சியும் எலியின் காலும்

நொச்சியை அறியாத தமிழர் இருப்பது அரிது. வேலியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்கிற செடி அது. விரித்த கையின் ஐந்து விரல்களைப் போன்ற இலை. இலையின் அடிப்புறத்தில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு வெண்மை. கொத்துக் கொத்தாக நீலப் பூ. பழந்தமிழ் நாட்டில் கோட்டையைக் காத்து நின்ற வீரர்கள் இந்தப் பூவைச் சூடிக்கொண்டார்கள். அந்தப் போருக்கே நொச்சித் திணை என்று பெயர் வைத்தார்கள். இப்போது காப்பதற்குக் கோட்டைகள் இல்லை. ஆகவே நொச்சியானது கொசுக்களிடமிருந்து நம்முடைய திண்ணைகளைக் காக்கும் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தானியத்தில் பூச்சி விழாமலிருக்க இதன் இலையைப் போட்டு வைப்பார்கள். மிளாறுகளைக் கொண்டு கூடை முடைவார்கள். ஜலதோஷம் என்றால் ஆவி பிடிப்பார்கள். தலைவலி என்றால் தலையணைக்குள் அடைத்துக்கொள்வார்கள். மூட்டு வீங்கினால் இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார்கள்.

"இவையெல்லாம் உண்மைதானா?" என்று கேட்பது நம் நாட்டில் சற்று அபாயமான காரியம். கேட்ட மாத்திரத்தில் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "முன்னோர்கள் சொன்னது பொய்யாகுமா? உமக்கு இங்கிலீஷ் படிப்பு முற்றிவிட்டது" என்று ஒரு கட்சி நம்மை மடக்கும். "எல்லாம் பாட்டி கதை, வலித்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைப் பாரும்" என்று மற்றொரு கட்சி கையை வீசும். இரண்டு கட்சிக்கும் உள்ள ஒற்றுமை ஒன்றுதான்: சோதித்துப் பார்க்கும் சிரமம் இரண்டு பேருக்குமே கிடையாது.

நாமும் அந்தச் சிரமத்தை மேற்கொண்டிருக்க மாட்டோம், நம்முடைய அத்தையின் முழங்கால்கள் மட்டும் சும்மா இருந்திருந்தால்.

அத்தைக்கு வயது எழுபத்து நான்கு. முழங்கால் தேய்மானம். டாக்டர் கொடுத்த வலி மாத்திரை வலியைத் தணித்தது, வயிற்றை எரித்தது. இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, "சிறுநீரகம் பலஹீனமாயிருக்கிறது, இந்த ஜாதி மாத்திரை இனி வேண்டாம்" என்று அந்த டாக்டரே நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டில் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் நல்லெண்ணத்துடன் வாங்கி வந்தது. மேலே பச்சை இலைகளின் படம். "முற்றிலும் மூலிகை. விஞ்ஞான முறையில் நிரூபிக்கப்பட்டது" என்று தங்க எழுத்து. உள்ளே இருந்தவை என்னென்ன, எவ்வளவு என்பது மட்டும் எங்கும் காணோம். மூன்றாம் நாள் அத்தை மாடிப்படி ஏறினாள். வீடே குதூகலித்தது. இரண்டு மாதத்தில் அத்தையின் முகம் பௌர்ணமிச் சந்திரனைப் போல் வட்டமாகிவிட்டது. சர்க்கரை ஏறிப் போயிற்று. டாக்டர் பாட்டிலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "இதில் ஸ்டிராய்டு கலந்திருக்கிறது" என்றார். திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்தாம். வெளியிலிருந்து ஸ்டிராய்டு வந்துகொண்டேயிருந்தால் உடம்பு தானே அதைச் சுரப்பதை மறந்துவிடுகிறது. படிப்படியாகத்தான் விடுவிக்க வேண்டியிருந்தது.

எல்லாம் ஓய்ந்த பிறகு அத்தை ஒரு நாள், "ஏண்டாப்பா, அந்தப் பாட்டில்தான் பொய். நொச்சியாவது நிஜமா? நாலெழுத்துப் படித்தவன்தானே, விசாரித்துச் சொல்லேன்" என்றாள்.

விசாரிக்கப் புறப்பட்டோம். நண்பர் ஒருவருடைய பெண் மருந்தாக்கக் கல்லூரியில் மேற்படிப்புப் படிக்கிறாள். அவள் எடுத்துக்கொண்டிருக்கும் ஆராய்ச்சி, அதிர்ஷ்டவசமாக, நொச்சி இலைதான். "வாருங்கள் மாமா. ஆனால் 'நிரூபிக்கப்பட்டது' என்ற வார்த்தையை மட்டும் என் எதிரில் சொல்லாதீர்கள்" என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டாள்.

இலையைப் பறித்தவுடன் அது மருந்தாகிவிடுவதில்லை. முதலில் தாவர சாஸ்திர நிபுணர் ஒருவர் பார்த்து, இது நொச்சிதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு கிளையை அழுத்தி உலர்த்திக் காகிதத்தில் ஒட்டி, எண் இட்டுப் பத்திரப்படுத்துகிறார்கள். நாளைக்கு யாராவது வந்து, "நீ சோதித்தது வேறு செடி" என்றால் எடுத்துக் காட்டுவதற்கு! பிறகு இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். அந்தப் பொடியைப் பெட்ரோலியம் ஈதர், குளோரோபாரம், சாராயச் சத்து, தண்ணீர் என்று ஒவ்வொரு திரவத்திலும் முறையே ஊற வைத்து வடிக்கிறார்கள். எண்ணெய்ப் பசை உள்ளவை ஒன்றில் இறங்கும். தண்ணீரில் கரைபவை வேறொன்றில் இறங்கும். இப்படி இறங்குகிறவற்றில் காஸ்டிசின், லூட்டியோலின், அக்னுசைடு, நெகுண்டோசைடு என்று பல உண்டு. கடைசிப் பெயரைக் கேட்டதும், நம்முடைய செடிக்குத் தாவர சாஸ்திரிகள் வைத்திருக்கும் வைடெக்ஸ் நெகுண்டோ என்ற பெயர் அதில் ஒளிந்திருப்பதை நேயர்கள் கண்டுகொள்வார்கள். திரவத்தை ஆவியாக்கிவிட்டால் அடியில் கரும்பச்சையாய்ப் பிசின் போல் ஒரு வஸ்து மிஞ்சுகிறது. பாட்டி வைக்கும் கஷாயம் என்பது இவற்றில் தண்ணீர்ச் சாறு ஒன்று மட்டுமே. சாராயச் சாறு வேலை செய்தது என்பதற்காகக் கஷாயமும் வேலை செய்யும் என்று சொல்லிவிட முடியாது. இது நமக்கு அதுவரை தோன்றாத விஷயம்.

அடுத்த அறையில் எலிகள் இருந்தன. அங்கே நிற்பது நமக்கு இலேசாக இல்லை என்பதை ஒளிப்பானேன்? 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளின்படி, நெறிமுறைக் குழுவின் சம்மதம் இல்லாமல் ஒரு எலியையும் தொடக்கூடாதாம். எத்தனை எலி, ஏன் அத்தனை, குறைத்துக்கொள்ள முடியாதா என்று குழு துளைத்துத் துளைத்துக் கேட்குமாம். கேட்கத்தான் வேண்டும்.

வீக்கத்தைச் சோதிக்கும் முறை 1962-இல் வழக்கத்துக்கு வந்தது. காரகீனன் என்று ஒரு பொருள். செந்நிறக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. ஐஸ்கிரீம் வழவழப்பாயிருப்பதற்கு இதைச் சேர்ப்பதுண்டு. நாம் நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டுகிற அதே பொருளை நூற்றுக்கு ஒரு பங்காகக் கரைத்து, எலியின் பின்னங்கால் பாதத்தில் ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு ஊசியால் ஏற்றினால், பாதம் வீங்குகிறது. மூன்று மணியிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் வீக்கம் உச்சத்தை அடைகிறது. அதை அளப்பதற்கு ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியில் கண்ட தத்துவத்தையே உபயோகிக்கிறார்கள்: பாதத்தைத் திரவத்தில் முக்கினால் எவ்வளவு திரவம் உயர்கிறதோ அதுதான் பாதத்தின் பருமன். முதல் ஒரு மணி நேரத்து வீக்கத்துக்கு ஹிஸ்டமினும் செரடோனினும் காரணம். பிந்திய வீக்கத்துக்குப் பெரும்பாலும் பிராஸ்டகிளாண்டின்கள் காரணம். ஆகையால் எந்த மணியில் வீக்கம் குறைகிறது என்பதைக் கொண்டே சாறு எந்த வாசலில் காவல் நிற்கிறது என்று ஒருவாறு ஊகிக்கலாம்.

ஆஸ்பிரின் நிற்பது அந்தப் பிந்திய வாசலில். 1763-இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் வில்லோ மரப்பட்டைப் பொடியைக் காய்ச்சல்காரர்கள் ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்து லண்டன் ராயல் சொஸைடிக்கு எழுதினார். 1897-இல் ஜெர்மானிய ரஸாயனிகள் ஆஸ்பிரினைச் சுத்தமாகச் செய்தார்கள். அது பிராஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று ஜான் வேன் கண்டுபிடித்தது 1971-இல். மரப்பட்டையிலிருந்து விளக்கம் வரையில் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

வலியைச் சோதிப்பதற்கு வேறு முறைகள். 55 டிகிரி சூடுள்ள தட்டின்மேல் சுண்டெலியை விட்டு, அது காலை நக்குவதற்கோ துள்ளுவதற்கோ எத்தனை விநாடி ஆகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். பதினைந்து விநாடிக்குள் ஒன்றும் செய்யாவிட்டாலும் எடுத்துவிடுகிறார்கள். கால் சுட்டுவிடக் கூடாதல்லவா? மூளையையும் முதுகுத்தண்டையும் தொடுகிற மார்பின் போன்ற மருந்துகள் இதில் நன்றாகத் தெரியவரும். நீர்த்த அஸிடிக் அமிலத்தை வயிற்றில் செலுத்தி, எலி எத்தனை தடவை நெளிகிறது என்று எண்ணுவது இன்னொரு முறை. ஆஸ்பிரின் ஜாதி மருந்துகள் இதில்தான் தங்கள் சாமர்த்தியத்தைக் காட்டும். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. தூக்க மயக்கத்தில் உள்ள எலியும் துள்ளாது. வலி போய்விட்டதா, எலி சொக்கிப்போயிற்றா என்று எப்படி அறிவது? சுழலும் உருளையின்மேல் நிறுத்திப் பார்க்கிறார்கள். தடுமாறி விழுந்தால் அது மயக்கம்.

எலிகளைச் சிறு சிறு கூட்டங்களாகப் பிரித்திருந்தாள். ஒரு கூட்டத்துக்கு மருந்து கலக்காத வெறும் திரவம். ஒன்றுக்கு டைக்ளோபினாக் என்ற பிரசித்தமான வலி மருந்து. மற்றவற்றுக்கு வெவ்வேறு அளவில் நொச்சிச் சாறு. எந்தக் கூட்டத்துக்கு எது என்பது ஓர் உறைக்குள் இருந்தது. அளப்பவள் வேறொரு மாணவி. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"நீயே அளந்தால் என்னம்மா? உன் கையால் அரைத்த இலைதானே?" என்று கேட்டோம்.

"அதனால்தான் மாமா நான் அளக்கக்கூடாது. எனக்கு நொச்சி ஜெயிக்க வேண்டும் என்று ஆசையாயிருக்கிறது. எங்கள் பாட்டி நொச்சி வைத்துத்தான் எங்களை வளர்த்தாள். ஆசை இருக்கிறவள் கோட்டைப் பார்த்தால், பாதிக் கோட்டில் நிற்கிற திரவம் கீழே இருப்பதாகத்தான் கண்ணுக்குப் படும்."

நம்முடைய தேசத்தின் பண்டைப் பெருமைகளைப் பற்றி மேடை மேடையாக முழங்குகிறவர்களில் எத்தனை பேர், அளவுகோலை இப்படி இன்னொருவர் கையில் கொடுக்கத் துணிவார்கள் என்று நாம் யோசித்துக்கொண்டே நின்றோம். துணிந்தவர்கள் இல்லாமற் போகவில்லை. மருந்துகளைப் பற்றி விசாரிக்க 1930-இல் ஏற்பட்ட கமிட்டிக்குத் தலைமை வகித்த கர்னல் ராம்நாத் சோப்ரா, கல்கத்தாவில் மூலிகைகளை ஒன்றொன்றாக ஆராய்ச்சிசாலைக்குள் கொண்டுவந்தவர். பயன்படாதவற்றைப் பயன்படாதவை என்று சொல்லவும் அவர் தயங்கவில்லை. சர்ப்பகந்தியின் கதை எல்லாவற்றிலும் ரஸமானது. 1931-இல் டில்லியில் ஸலீமுஸ்ஸமான் ஸித்திகி அதன் வேரிலிருந்து அஜ்மலின் என்ற சத்தைப் பிரித்தார். 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்தக் கொதிப்புள்ள நோயாளிகளுக்கு அந்த வேரைக் கொடுத்துக் கண்ட பலனைப் பிரிட்டிஷ் இருதய வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பிற்பாடு, மனச்சோர்வு முதலிய தொல்லைகள் தெரியவந்து, அதன் உபயோகம் சுருங்கியது. அதையும் சோதனைதான் சொல்லிற்று.

நொச்சியைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தது கொஞ்சநஞ்சமல்ல. அதை நிக என்று அழைக்கும் இலங்கையில், முற்றிய பச்சை இலையின் தண்ணீர்ச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்து, வீக்கமும் வலியும் குறைவதாகக் கண்டு 2003-இல் வெளியிட்டார்கள். தண்ணீர்ச் சாறு! பாட்டியின் கஷாயத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று நாம் உற்சாகப்பட்டோம். அந்தப் பெண் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். இம்மாதிரிச் சோதனைகளில் எலியின் எடையில் கிலோ ஒன்றுக்கு 400 மில்லிகிராம் வரையில் சத்துக் கொடுப்பதுண்டு. அதை அப்படியே மனிதனுக்குப் பெருக்கக் கூடாது, 6.2 ஆல் வகுக்க வேண்டும் என்பது வழக்கம். வகுத்துப் பார்த்தால் அறுபது கிலோ எடையுள்ள அத்தைக்கு ஏறக்குறைய 4 கிராம் வருகிறது. நாலு கிராம் இலை அல்ல. இலையின் சாற்றை வற்றவைத்த பிசின். அதை மாதக் கணக்கில் சாப்பிட்டால் பலஹீனமான சிறுநீரகம் என்ன சொல்லும் என்பதற்கு எலியின் பாதம் பதில் சொல்லாது. மேலும், ஐந்து மணி நேர வீக்கமும் பதினைந்து வருஷத் தேய்மானமும் ஒன்றாகிவிடுமா?

"அப்படியானால் அத்தைக்கு என்ன சொல்லட்டும்?"

"உள்ளுக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒத்தடம் தாராளமாகக் கொடுக்கட்டும், தோல் சுடாமல். ஆனால் அது நொச்சியின் குணமா, சூட்டின் குணமா என்று என்னைக் கேட்காதீர்கள். சூடு தனியாகவே வலியைக் குறைக்கும். வேறொரு இலையை அதே சூட்டில் வதக்கி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்து இதை அப்படியே ஒப்பித்தோம். நமக்கு ஆராய்ச்சி ஆவேசம் பிடித்திருந்தபடியால், "அத்தை! இடது முழங்காலுக்கு நொச்சி, வலது முழங்காலுக்குப் புளிய இலை. எது எதில் என்று உன்னிடம் சொல்லமாட்டோம். எந்த முழங்கால் சுகமாயிருக்கிறது என்று நீ சொல்ல வேண்டும்" என்றோம்.

அத்தை சிரித்தாள். "போடா அசடே! கண்ணைக் கட்டினாலும் மூக்கைக் கட்டுவாயா? நொச்சி வாசனை ஏழு வீட்டுக்கு அடிக்குமே, எனக்குத் தெரியாதா?"

இதைத் தொலைபேசியில் அந்தப் பெண்ணிடம் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை. "மாமா, மனிதர்களிடம் சோதிக்கிறபோது எங்களுக்கு இருக்கிற பெரிய தொல்லையே அதுதான். அதே வாசனையுள்ள, ஆனால் மருந்துக் குணமில்லாத ஓர் இலையைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அத்தையிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கு ஏதாவது தெரிந்திருக்கும்" என்றாள்.

கேட்டிருக்கிறோம். அத்தை யோசித்துக்கொண்டிருக்கிறாள்.